பைகளுக்குக் காவலாக யார் உட்காருவது?

கேள்வி: திருவொற்றியூர் தேரடிப் பக்கம் இருக்கிறோம். மே மாத விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலையொட்டி இருக்கும் வாட்டர் பார்க் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போய்வர ஆசை. நான், மனைவி, மகள் (9 வயது), மகன் (4 வயது), தங்கை, அவள் கணவர், அப்பா (67 வயது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு), அம்மா (மூட்டு வலி) என்று எட்டுப் பேர். அம்மா தண்ணீரில் இறங்கமாட்டார், பைகளைப் பார்த்துக்கொள்வார். எப்படித் திட்டமிடலாம்?

பதில்:

தம்பி, நான் காலடிப்பேட்டையில் இருப்பவள். பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாணவிகளையும் சொந்தக் குடும்பத்தையும் இந்த மாதிரிப் பூங்காக்களுக்குப் பலமுறை கூட்டிப்போன அனுபவத்தில் சொல்கிறேன். எந்தச் சறுக்கு நன்றாக இருக்கும், டிக்கெட் எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு முந்தைய வரியில்தான் எனக்குக் கண் நின்றது. அம்மா பைகளைப் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா?

என் மாமியார் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது முதல்முறையாக ஒரு பூங்காவுக்குப் போனோம். ஒன்பது பை. மாமியார் ஒரு ஓலைப் பந்தலுக்கடியில் காலை பத்தரைக்கு உட்கார்ந்தவர் மாலை ஐந்து வரை எழுந்திருக்கவில்லை. பைகளை விட்டுவிட்டுப் போகக்கூடாதே என்று கழிப்பறைக்குக்கூடப் போகாமல் இருந்தார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. நாங்கள் நடுநடுவே ஈரத்தோடு ஓடிவந்து தண்ணீர் பாட்டில் கேட்போம், துண்டு கேட்போம், எடுத்துக் கொடுப்பார். அவருக்கும் நாங்கள் முழு டிக்கெட் எடுத்திருந்தோம். வீடு திரும்பும்போது, "எல்லோரும் நன்றாக விளையாடினீர்கள்" என்றார். தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்குப் பிறகு நான் எந்தப் பயணத்தையும் பைகளுக்கு யார் காவல் என்பதில் இருந்துதான் திட்டமிடத் தொடங்குகிறேன்.

ஆகவே முதல் வேலை, பைகளைக் குறைப்பது. எட்டுப் பேருக்கு உள்ளே மூன்று பைக்கு மேல் போகக்கூடாது. மாற்றுத் துணி ஒன்றில், துண்டுகளும் மருந்தும் ஒன்றில், குழந்தையின் சாமான் ஒன்றில். மற்றவை வண்டியிலேயே இருக்கட்டும். உள்ளே லாக்கர் வாடகைக்குக் கிடைக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு சாவியும் சீட்டும் கொடுத்து, திரும்பும்போது பணத்தைத் தருவார்கள். அந்தச் சீட்டு நனைந்து கூழாகிவிட்டால் வாதாட வேண்டிவரும் என்பதால் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். லாக்கர் வாடகையை மிச்சம் பிடிக்க ஒரு மனுஷியை நாள் முழுக்க உட்கார வைப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

இரண்டாவது, அம்மாவிடம் நேராகக் கேளுங்கள். "நீ இறங்குகிறாயா" என்று கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் "எனக்கு எதற்கு" என்றுதான் சொல்வார்கள். "உனக்கு ஒரு நைலான் உடை வாங்கட்டுமா" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறாக இருக்கும். மூட்டு வலி தண்ணீருக்குத் தடை இல்லை. இடுப்பளவு நீரில் நிற்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய பாதியை நீரே தாங்கிக்கொள்கிறது. முழங்காலுக்கு அது பெரிய ஓய்வு. தடை எதுவென்றால் ஈரத் தரையும் படிக்கட்டும்தான். சறுக்குகளுக்குப் படியேற வேண்டாம். கைப்பிடி உள்ள ஆழமில்லாத குளத்தில் யாராவது ஒருவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டால் போதும். என் மாமியார் இரண்டாம் முறை போனபோது அப்படித்தான் இறங்கினார். மாலையில் வெளியே வரச்சொல்லி நாங்கள்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

கேட்ட பிறகும் வேண்டாம் என்றால், அது அவர் முடிவு. அப்போது அவர் பூங்காவுக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை. தண்ணீரில் இறங்காதவருக்கும் பெரும்பாலும் நுழைவுச் சீட்டு எடுத்தாக வேண்டும். அதைக் கொடுத்து வெயிலில் உட்காருவதைவிட நல்ல இடங்கள் பக்கத்திலேயே உண்டு. கடலையொட்டிய பூங்காக்களில் நம்மவர்கள் வழக்கமாகப் போவது இரண்டு: இஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு. இஞ்சம்பாக்கம் நமக்குக் கொஞ்சம் கிட்டே. அங்கே பெரியவர்களுக்கு வி.ஜி.பி. மரைன் கிங்டம் என்ற மீன் காட்சியகம் இருக்கிறது. குளிர்சாதன வசதியோடு நிழலில் நடக்கலாம், ஆனால் சில மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுவார்கள், பிறகு என்ன செய்வது என்ற கேள்வி வரும். முட்டுக்காடு தூரம்; தேரடியில் இருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். இருந்தும் உங்கள் குடும்பத்துக்கு நான் அதையே சொல்வேன். காரணம், பக்கத்தில் இருக்கும் தட்சிணசித்ரா. தமிழகம், கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். 1996-ல் திறந்தது. செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். உங்கள் அப்பாவும் அம்மாவும் அங்கே காலையைக் கழித்து, மதியம் அங்கேயே சாப்பிட்டு, மாலையில் உங்களோடு சேர்ந்துகொள்ளலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை, மறந்துவிடாதீர்கள்.

இனி நாள். மே மாத ஞாயிறு வேண்டாம். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த வெயில் நம் ஊரில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் பிழைத்தோம். மேற்குக் காற்று பலமாக வீசிக் கடற்காற்றைத் தடுக்கும் நாட்களில் கடலோரத்திலும் அனல்தான். அதோடு ஞாயிறு என்றால் ஒவ்வொரு சறுக்குக்கும் முக்கால் மணி நேர வரிசை. தங்கை கணவரும் நீங்களும் ஒரு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் ஏப்ரல் கடைசியில், ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, ஒரு புதனோ வியாழனோ போங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வெயில் இதமாக இருக்கும், ஆனால் வார நாட்களில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தை உண்டாக்கியவர்களில் நானும் ஒருத்தி. காணும் பொங்கலன்று அந்தச் சாலைப் பக்கமே போகாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். இடி இடித்தால் குளத்தை விட்டு வெளியேறியே ஆக வேண்டும், டிக்கெட் பணமும் போய்விடும்.

தேதியைக் குறிப்பதற்கு முன் மனைவியிடமும் தங்கையிடமும் அந்தத் தேதி தோதா என்று கேட்டுவிடுங்கள். ஆண்கள் தேதி குறித்துவிட, பெண்கள் வெளியே சொல்லாமல் கரையில் உட்கார்ந்திருந்த எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மாணவிகளைக் கூட்டிப்போகும்போது நான் முதலில் கேட்பதும் இதைத்தான்.

போகும் வழி. எட்டுப் பேர் என்றால் வேன் எடுப்பதே சரி. காலை ஏழுக்குள் கிளம்பிவிடுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டால் ராயபுரம் தாண்டுவதற்குள் பாதி உற்சாகம் வற்றிவிடும். ராஜாஜி சாலை, காமராஜர் சாலை, சாந்தோம், அடையாறு, திருவான்மியூர் என்று கடலை விடாமல் பிடித்துக்கொண்டு போவது நல்லது. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் அங்கே திரும்ப வேண்டாம். உத்தண்டியில் சுங்கச்சாவடி உண்டு.

மூன்று நான்கு பேராகப் போகிறவர்கள் தேரடியில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கி, பக்கத்தில் உள்ள பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்துத் திருவான்மியூர் போய், அங்கிருந்து கோவளம் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறலாம். மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஆனால் திரும்பும்போது இதே வழியில் வராதீர்கள். ஈரத் தலையோடு தோளில் தூங்கும் பிள்ளையைச் சுமந்துகொண்டு மூன்று முறை மாறி ஏறுவது தண்டனை. போகும்போது ரயில், வரும்போது வாடகைக் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா வழியில் மருந்தீசுவரரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பார். ஒற்றியூரில் கிளம்பி வான்மியூர் வழியாகப் போகிறோம், இரண்டும் பாடல் பெற்ற தலம், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காலையில் அங்கே நின்றால் பூங்கா திறக்கும் நேரத்தைக் கோட்டைவிடுவீர்கள், மாலையில் எல்லோரும் ஈரமும் மணலுமாக இருப்பீர்கள். வேறொரு நாள் அவரைத் தனியாகக் கூட்டிப்போவதாகச் சொல்லுங்கள். சொன்னால் கூட்டிப்போகவும் வேண்டும்.

உடை விஷயத்தில்தான் நம்மவர்கள் வாசலில் சண்டை போடுகிறார்கள். பருத்தித் துணி, ஜீன்ஸ், புடவை, சுடிதார் துப்பட்டா எதற்கும் அனுமதி இருக்காது; நைலான் அல்லது அதுபோன்ற செயற்கை இழைத் துணிதான் அணிய வேண்டும். இது அவர்களுடைய வியாபார தந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். வாடகை உடையில் அவர்களுக்கு வருமானம் இருப்பது உண்மைதான். ஆனால் காரணமும் உண்மை. பருத்தி நீரைக் குடித்துக் கனக்கும், சறுக்கில் உராய்ந்து தடுக்கும், அதன் நூலிழைகள் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். வாடகை உடைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஊரெல்லாம் போட்ட உடை வேறு. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நைலான் டி-ஷர்ட்டும் இறுக்கமான கால்சட்டையும் எல்லா அளவிலும் கிடைக்கும், இரண்டு மூன்று வருடம் உழைக்கும். பிள்ளைகளுக்கு வாங்கும்போது நீலம், வெள்ளை, வெளிர்பச்சை வேண்டாம். தண்ணீருக்கடியில் அந்த நிறங்கள் கண்ணுக்கே தெரியாது. ஆரஞ்சு, கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு மாதிரி வாங்குங்கள்.

கொலுசு, வளையல், ஜிமிக்கி எல்லாம் வீட்டில் இருக்கட்டும். தாலிச் சங்கிலியைக் கழற்றமாட்டேன் என்பவர்கள் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு வருவார்கள், நானும் அப்படித்தான் செய்வேன். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னலிட்டுக் கூட்டிப்போகும் வழக்கத்தையும் ஒரு நாள் விடுங்கள். முந்தைய இரவே தலைக்குக் குளிப்பாட்டிவிடுங்கள்.

அங்கே குளத்தில் இறங்குமுன் ஷவரில் நன்றாக நனைந்து தேய்த்துக் குளியுங்கள். எல்லோரும் ஒப்புக்குத் தலையை நீட்டிவிட்டு ஓடுவார்கள். குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். விஷயம் நேர்மாறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து குளோரமைன் என்ற பொருளாகிறது. அந்த வாடையும் கண் எரிச்சலும் அதனால்தான். தண்ணீர் தெளிந்து அடித்தளக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தால் இறங்குங்கள். கலங்கி இருந்தால் டிக்கெட் பணத்தை நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள். பிள்ளைகளில் யாருக்காவது இரண்டு வாரத்துக்குள் வயிற்றுப்போக்கு இருந்திருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்றொரு கிருமி குளோரினுக்கும் அடங்காமல் நாட்கணக்கில் தண்ணீரில் கிடக்கும். உங்கள் பிள்ளையால் ஊரார் பிள்ளைக்கு வரும்.

இப்போது நான்கு வயது மகன். இந்தப் பத்தியை வீட்டில் எல்லோரும் படிக்கட்டும். தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. வாய் தண்ணீருக்கு மேலே வருவதற்கே அதற்கு நேரம் போதாது. பக்கத்தில் பத்துப் பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் நடந்துவிடும், முழங்கால் அளவுத் தண்ணீரிலும் நடக்கும். காற்றடைத்த கைப்பட்டைகளை நம்பாதீர்கள். கழன்றுவிடும், காற்று இறங்கிவிடும். உயிர்காப்பு வீரர் விசில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்பதும் போதாது, அவர் ஒருவர் நூறு தலைகளைப் பார்க்கிறார். அப்பா, அம்மா போகப் பெரியவர்கள் நான்கு பேர் இருக்கிறீர்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். நான் மாணவிகளை அழைத்துப்போகும்போது ஒரு சிவப்புத் துண்டு வைத்திருப்பேன். அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் பொறுப்பு. அவர் போன் பார்க்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை துண்டு கைமாறட்டும். இரண்டு பிள்ளைகளின் முன்கையிலும் உங்கள் கைபேசி எண்ணைத் தண்ணீரில் அழியாத மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள்.

மகளுக்கு ஒன்பது வயது என்பதால் பெரிய சறுக்குகளுக்கு உயரம் பார்ப்பார்கள். வீட்டிலேயே சுவரில் நிற்க வைத்து அளந்து, பூங்காவின் விதியோடு ஒப்பிட்டு, எதற்கெல்லாம் அனுமதி கிடைக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அங்கே அழுகை இருக்காது. சறுக்குகளை முதல் ஒரு மணி நேரத்திலேயே, அதுவும் வாசலுக்கு மிகத் தொலைவில் இருப்பதில் இருந்து தொடங்கிவிடுங்கள்.

அலைக்குளம் எல்லோருக்கும் பிடிக்கும். பெரும்பாலும் சுவருக்குப் பின்னால் உள்ள அறைகளில் காற்றை அழுத்தி விட்டு விட்டுத் தண்ணீரைத் தள்ளித்தான் அலை எழுப்புகிறார்கள். சைரன் அடித்ததும் கூட்டம் மொத்தமும் ஆழமான பக்கம் பாயும். நீங்கள் பாயாதீர்கள். பிள்ளைகளோடு ஓரத்தில், அவர்களின் இடுப்பளவு நீரிலேயே நில்லுங்கள்.

அலைக்குளத்தைவிட எனக்குப் பயம், அதில் ஆடிவிட்டு அப்படியே கடலுக்கு ஓடும் பிள்ளைகள்தான். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் கருங்கல் குவியல். துறைமுகம் கட்டிய பிறகு தெற்கில் இருந்து வரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டு மெரினாவாகச் சேர்ந்தது, ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை நம் கரையை அலை அரித்துத் தின்றது. அந்தக் கல்லில் ஏறி நின்று பார்த்தே வளர்ந்த பிள்ளை, முட்டுக்காட்டிலோ கோவளத்திலோ மணலைக் கண்டதும் குளம் மாதிரி நினைத்து இறங்கிவிடும். குளத்து அலை கரைப்பக்கம் தள்ளும், அவ்வளவுதான். கடல் அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுத்துப் போகும். இரண்டு எட்டில் தரை சரிந்து ஆழமாகிவிடும். மாலையில் கரையில் நடக்கலாம், கணுக்கால் நனைக்கலாம், அதற்கு மேல் இல்லை என்று வண்டியில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

அப்பாவைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். மே மாத மதியத்தில் பூங்காவின் சிமெண்டுத் தரை தோசைக்கல். நாம் துள்ளிக் குதிப்போம், அவர்களுக்குச் சுடுவதே தெரியாது. என் பெரியப்பா ஒருவர் அப்படி நடந்து, இரவு வீட்டுக்கு வந்து காலைப் பார்த்தபோது கொப்புளம். ஆற இரண்டு மாதம் ஆனது. தண்ணீர் ஓரம் வரை ரப்பர் செருப்போடு போகட்டும், திரும்பியதும் பாதத்தைத் துடைத்து விரல் இடுக்கு வரை பாருங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் நிறுத்திவைத்த வண்டிக்குள் மருந்தை விடாதீர்கள். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக்கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவருக்குச் சுழலும் ராட்டினமும் செங்குத்துச் சறுக்கும் வேண்டாம்.

சாப்பாடு. வெளி உணவைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள், கைக்குழந்தை உணவுக்கு மட்டும் விலக்கு இருக்கும். காலையில் வழியில் இட்லி போதும். பூரி, பொங்கல் சாப்பிட்டுவிட்டுச் சறுக்கில் ஏறினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பேருந்து நிறையக் கண்டிருக்கிறேன். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டி வண்டியில் வைத்துவிட்டு, வெளியே போய் மறுபடி உள்ளே வர முத்திரை குத்துவார்களா என்று டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள். குத்துவார்கள் என்றால் பன்னிரண்டரைக்கு வெளியே வந்து நிழலில் சாப்பிட்டு, வெயில் உச்சத்தில் ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் உள்ளேயே இரண்டு மணிக்கு மேல், கூட்டம் கலைந்த பிறகு சாப்பிடுங்கள். மாலையில் கோவளத்தில் மீன் வறுவல் ஆசை வந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதை நினைத்துக்கொண்டு விலை கேளுங்கள். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அங்கே போய் மீன் வாங்கிச் சாப்பிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

நான்கு மணிக்குத் தண்ணீரை விட்டு ஏறிவிடுங்கள். பிள்ளைகள் அழுவார்கள். ஐந்தரைக்கு ஏறினால் உடை மாற்றும் அறையில் அரை மணி நேரம், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசல், வீடு சேர இரவு ஒன்பது. வண்டி இருக்கையில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு எடுத்துப் போங்கள். வண்டிக்காரரிடம் குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், ஈரத்தலை.

எம்.சி. ரோட்டுக்கு இந்த வாரமே போய்விடுங்கள். அங்கே முதலில் அளவு கேட்பார்கள். மனைவி, பிள்ளைகள் அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவின் அளவைக் கேட்டுக்கொண்டு போங்கள்.